விட்டுப் படித்த இரண்டு பக்கம்

என் மனைவி நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைச் செப்பனிட்டாள். எடிட்டர் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். யாராவது கேட்டால் "பேப்பர் பார்க்கற வேல" என்பாள். அதனால் கோலார் தங்க வயலில் எங்கள் ஊரிகத்தில் பாதிப் பேர் அவளை டீச்சர் என்றே நினைத்திருந்தார்கள். அவள் சாவுக்கு வந்தவர்களில் இரண்டு பேர், எந்த ஸ்கூலில் வேலை பார்த்தாங்க என்று என்னிடமே விசாரித்தார்கள். நானும் திருத்தவில்லை. அன்றைக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை.

அவள் வேலை செய்த சென்னைப் பதிப்பகத்தார் அவளைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எங்கே பிறந்தாள், எப்படி இந்த வேலைக்கு வந்தாள், எந்த மாதிரிப் புத்தகங்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பார்வைக் குறைவால் ஓய்வு பெற்றார் என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி பொய். அவள் வேலையை நிறுத்தியதற்குக் காரணம் நான்.

அவளுடைய அப்பா சுரங்கத்தில் டோக்கன் கிளார்க். ஷிஃப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் அவருடைய ஜன்னலில் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டுதான் கீழே இறக்குகிற கூண்டில், கேஜில், ஏற வேண்டும். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் எந்த ஆணி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறான் என்று அர்த்தம். "எங்கப்பா கையில ஒரு டோக்கன் மாறினது கெடையாது" என்று அவள் அடிக்கடி சொல்வாள். ஏதாவது ஒரு எழுத்தாளர் அலட்சியமாக எதையாவது எழுதியிருந்தால் இந்த வாக்கியம் நிச்சயமாக வரும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, சர்ச் அறிக்கை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ஒருமுறை திங்கட்கிழமைக் கல்யாணம் ஒன்றுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. முகூர்த்தம் காலை ஏழரை முதல் ஒன்பது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். அச்சக முதலாளி கிறிஸ்தவர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை என்றிருக்கிறார். இவள் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து பெண் வீட்டுக்கே போய்விட்டாள். ஐயர் எழுதிக் கொடுத்தது ஆறு முதல் ஏழரை. அதைப் பிரதி எடுத்தவர் ஒரு வரி கீழே இருந்த ராகு காலத்தை எடுத்து முகூர்த்தத்தில் போட்டுவிட்டார். பெண்ணின் சித்தப்பா சென்னையில் ஒரு பதிப்பகத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் இவளைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதம், திருத்த வேண்டிய கையெழுத்துப் பிரதியின் முதல் கட்டு தபாலில் வந்தது.

நான் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவன். கனரக இயந்திரங்கள் செய்கிற இடம். நான் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் புடவை இருக்கும் என்று நினைத்து என் அம்மா திறந்து பார்த்தார். மேலே மூன்று புடவை, அதற்குக் கீழே முழுக்கக் காகிதம். என் அம்மா பெட்டியை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான்தான் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது போல.

அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிபடவே வருடங்கள் ஆயின. முதல் தடவை படிக்கும்போது பென்சிலைத் தொட மாட்டாள். கை சும்மா இருந்தால் திருத்தத் தோன்றும் என்பதற்காக வெங்காயமோ பூண்டோ உரித்துக்கொண்டே படிப்பாள். எங்கள் வீட்டில் உரித்த பூண்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை. இரண்டாவது தடவை பென்சில். மூன்றாவது தடவை, அடித்ததில் பாதியை ரப்பரால் அழிப்பாள். "அவரு சொன்னது சரியாத்தான் கீது, எனக்குத்தான் அவசரம்" என்பாள். நல்ல தமிழில் எழுதுகிறவர்களின் தமிழை இன்னும் நல்ல தமிழாக்குகிறவள், வாயைத் திறந்தால் கீது, வுடுங்க, இன்னாங்க. ஒரு பெரிய எழுத்தாளர் போனில் இவள் குரலைக் கேட்டுவிட்டு, "எடிட்டர் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடும்மா" என்றாராம். "நான்தாங்க அது. மூணாவது அத்தியாயத்துல உங்க ஹீரோ செத்தவரு அஞ்சாவதுல காபி குடிக்கறாரே, பாத்தீங்களா" என்றிருக்கிறாள்.

எனக்கு அந்த எழுத்தாளர்கள் மேல் எரிச்சல் இருந்தது. இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு பொங்கலன்று, அடுப்பில் பானையை வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய நாவலில் ஒரே வாரத்தில் இரண்டு பௌர்ணமி வருகிறது என்று காலண்டரை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் கத்தினேன். அவள் நிமிர்ந்து, "ரெண்டுல எத எடுக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டாள். என்னிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாவதை எடுத்துவிடு என்றேன். எடுத்தாள். ஒரு வாரம் நான் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்குப் பார்வை போக ஆரம்பித்தது. சர்க்கரை. பெங்களூரில் காட்டினோம். ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. கதவில் யார் நிற்கிறார்கள் என்று உடுப்பை வைத்துச் சொல்வாள், எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. பதிப்பகத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் கட்டு வருவது நின்றுவிடும், அது நின்றால் அவள் நின்றுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான்தான் சொன்னேன், நான் படிக்கிறேன், நீ கேள் என்று.

இது எனக்குத் தெரிந்த வேலை. தொழிற்சாலையில் பெரிய பாகங்களை இரண்டு பேராகத்தான் சரிபார்ப்போம். ஒருவர் டிராயிங்கைப் பார்த்து அளவைச் சொல்வார், மற்றவர் பாகத்தில் வைத்து அளந்து அதைத் திருப்பிச் சொல்வார். சொல்கிறவருக்கு ஒரே ஒரு விதி. எதையும் விடக் கூடாது. நூறு பாகத்தில் நூறு முறையும் சரியாக இருந்த துளையாக இருந்தாலும் நூற்றோராவது முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளக்கிறவர் குனிந்திருப்பார், அவருக்கு டிராயிங் தெரியாது. அவர் கண்ணும் சொல்கிறவர் வாயும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். முப்பது வருடம் நான் சொல்கிறவனாகவே இருந்தேன். என் குரல் அதற்குத் தோதானது என்பார்கள்.

காலை டிபன் முடிந்ததும் உட்காருவோம். கமா, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் படித்தேன். பத்து நாளில், "புள்ளிய சொல்லாதீங்க, நீங்க மூச்சு வுடற எடத்துல எனக்குத் தெரியுது" என்றாள். பூண்டு உரிப்பது தொடர்ந்தது. அவள் சொல்கிற இடத்தில் நான் பென்சிலால் குறித்தேன். இப்படி நான்கு வருடம் நடந்தது. புத்தகங்கள் முன்பைவிடச் சுத்தமாக வருகின்றன என்று பதிப்பகத்தார் போனில் சொன்னபோது அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த நான்கு வருடம்தான்.

அப்புறம் அந்தக் கட்டு வந்தது. மாரிகுப்பத்தில் இருக்கிற ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி எழுதிய வாழ்க்கைக் கதை. நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தங்க வயலில் பிறந்தவள் என்பதால் அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு எடிட்டர் யாரென்று தெரியாது. எங்களுக்கும் அவரைத் தெரியாது. ஆரம்பத்திலிருந்தே அவளுக்குப் பிடித்துவிட்டது. "இவரு யாரையும் அழ வெக்க எழுதல" என்றாள். அவளிடமிருந்து வருகிற பெரிய பாராட்டு அது.

ஏழாவது அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு வரி இருக்கும்போது கண் அடுத்த இரண்டு வரியைப் பார்த்துவிடும், சொல்கிறவனுக்கு அது பழக்கம். என் கண் பக்கத்தின் அடியில் அவளுடைய அப்பாவின் பெயரைப் பார்த்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுத்த பக்கங்களில் கண்ணை ஓட்டினேன்.

எழுதியவருடைய அண்ணன் அப்போது தினக்கூலி. காய்ச்சலில் படுத்த ஒரு நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக, அவனுடைய டோக்கனில் ஒரு ஷிஃப்டுக்கு இறங்கியிருக்கிறார். ஜன்னலில் இருந்த கிளார்க் இருவரையும் முகம் தெரிந்தவர். போ என்று டோக்கனைக் கொடுத்துவிட்டார். அன்று கீழே பாறை வெடித்து அண்ணன் செத்துப்போனார். பலகையில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்து, காய்ச்சல்காரன் வீட்டுக்குச் செய்தி போனது. அங்கே அவன் மனைவிக்கு வளையலை உடைத்துவிட்டார்கள். தங்கை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவன் மறுநாள் விடிந்து வீட்டுக்கு நடந்து வந்தபோதுதான் செத்தது யாரென்று தெரிந்தது. விசாரணையில் கிளார்க், எனக்குத் தெரியாது, ஏமாற்றி வாங்கிப் போய்விட்டான் என்று சொன்னார். ஏமாற்றி இறங்கியவன் என்று பதிவானதால் அண்ணன் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள், கம்பெனி தன் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட, அண்ணி பாத்திரங்களோடு வாசலில் நின்றார்.

இரண்டு பக்கம். நான் அந்தப் பெயருக்கு முந்தின வரிகளோடு நிறுத்தி, இரண்டு பக்கத்தைத் தள்ளி, "அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது" என்ற வரியிலிருந்து தொடர்ந்து படித்தேன். குரல் மாறவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் குரல் எனக்குத் தெரியும். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. கட்டிலிருந்து பக்கங்களை எடுக்கவும் இல்லை. அவள் அப்பாவை அவளிடமிருந்து பறிக்கிற ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அச்சாகி வந்தால் வரட்டும், அவளால்தான் படிக்க முடியாதே என்றும் தோன்றியது. அந்த நினைப்புக்கு இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் பூண்டை வைத்துவிட்டாள். "இங்க இன்னாவோ வுட்டுட்டாரு" என்றாள்.

"எங்கே?"

"அண்ணன் காலைல கெளம்பறாரு. அடுத்த வரில மழை பெய்யுது. இவரு அப்படித் தாவற ஆளு இல்லியே. அண்ணன் செத்துட்டாருன்னு மொதல்லயே சொன்னவரு, எப்படின்னு சொல்ல மனசு வரலியோ இன்னாவோ. கேட்டாத்தான் எழுதுவாரு. போன் போட்டுக் குடுங்க."

முதல் பக்கத்தில் நம்பர் இருந்தது. கடைசி எண்ணை மாற்றிப் போட்டேன். யாரோ கன்னடத்தில் எடுத்தார்கள். நம்பர் தப்பாக இருக்கிறது என்றேன். விடுகிற ஆளா அவள். அடுத்த நாள் பதிப்பகத்திலிருந்து வழக்கமான போன் வந்தபோது, ஏழாவது அத்தியாயத்தில் ஏதோ குறைகிறது, எழுதியவரைக் கேளுங்கள், நானும் ஊரிகம்தான், டோக்கன் கிளார்க் மகள் என்று சொல்லுங்கள், கூச்சமில்லாமல் பேசுவார் என்று அவளே சொல்லிவிட்டாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் இரண்டு ஸ்டேஷன். எழுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மா, நீங்க அந்த ஐயா பொண்ணுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களாண்ட வர வுட்டிருக்க மாட்டேன்" என்றார். "அந்த ரெண்டு பக்கத்த எடுத்துடறேன். எங்க அண்ணியும் போய்ச் சேந்துட்டாங்க. இனிமே யாருக்கு இன்னா ஆவப் போவுது."

"எந்த ரெண்டு பக்கம்?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு எங்கள் இருவர் முகமும் தெரியாது. ஆனால் யாரும் பேசாமல் இருந்தது கேட்டிருக்கும். என் பக்கம் திரும்பி, "படிங்க" என்றாள்.

எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை என் குரல் சரியாக இல்லை. தன் அப்பாவின் பெயர் வந்தபோது அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள், சரியான அளவு சொன்னால் அளக்கிறவர் ஆட்டுவது போல. முடிந்ததும் கடைசிக்கு முந்தின வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "அவரும் பிள்ளைகுட்டிக்காரர், வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பார்" என்பது அந்த வரி.

"இத எடுத்துடுங்க" என்றாள் அவரிடம்.

"அது நெசந்தானேம்மா."

"நெசமா இருக்கட்டும். அந்த எடத்துல உங்க அண்ணி பாத்திரத்தோட வாசல்ல நிக்கறாங்க. படிக்கறவங்கள அவங்களப் பாக்க வுடாம எங்கப்பாவப் பாக்கச் சொல்றீங்க. வேற ஒண்ணும் மாத்த வேணாம். பேரும் இருக்கட்டும்."

அவர் அழுதார். அவள் அழவில்லை. டீ ஆறிவிட்டது, வேறு போடச் சொன்னாள். நான் போய்ப் போட்டேன். அடுத்த வாரம் முழுக்க அந்த மனிதரே தினமும் ரயிலேறி வந்து, தன் புத்தகத்தை முதல் வரியிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினார். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்துக்கு ஆறு நாள் ஆயிற்று. பென்சில் குறியெல்லாம் அவரே போட்டார். ஹாலில் நான் உட்காரவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அந்த மனிதர் முதன்முதலில் வந்துவிட்டுக் கிளம்பிப் போன அன்றே அவள் என்னைக் கேட்டிருந்தாள். "இன்னும் எத்தன?"

"இது ஒண்ணுதான். சத்தியமா."

"நம்பறேன்" என்றாள். "ஆனா எனக்குத் தெரியாதே."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு வலிக்கும் என்றுதானே செய்தேன், நாலு வருஷம் தொண்டை கட்டிப் போகப் படித்தேனே என்று பேசினேன். நீளமாகவே பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. சண்டையா போடறேன்?" என்று சொல்லிவிட்டு மாத்திரை நேரமாகிவிட்டது என்றாள். உண்மையிலேயே அவள் சண்டை போடவில்லை. அதன்பிறகு அவள் இருந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அதை எடுத்துப் பேசியதில்லை.

ஆனால் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் சொல்கிறவன் ஒரு அளவை விட்டுவிட்டது தெரிய வந்தால், அந்த ஒரு பாகத்தை மட்டும் திரும்ப அளக்க மாட்டோம். அவன் குரலில் சரிபார்த்த அத்தனையையும் நிறுத்தி வைப்போம். நானே ஒருவனுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். நல்ல ஆள் அவன். நான் என்ன பண்ணட்டும், பாகத்தைப் பார்த்து எதை விட்டான் என்று சொல்ல முடியாதே என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

மாரிகுப்பத்துக்காரர் புத்தகம் முடிந்து போனபோது வீட்டில் இன்னும் மூன்று கட்டுகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் எடுங்க, பதிப்பகத்துக்கு ஒரு லெட்டர் எழுதணும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கண் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. இனி இந்த வேலையைச் செய்வது முறையாகாது. கையில் இருக்கும் மூன்று பிரதிகளையும் திருப்பி அனுப்புகிறேன். இத்தனை வருடம் என்னை நம்பிக் கொடுத்ததற்கு நன்றி. நான்கே வரி. கண் என்றே எழுதச் சொன்னாள், வேறு எதையும் சொல்லவில்லை. பேனாவை அவள் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள். மடித்துக் கவரில் வைத்துப் பசையை எடுத்தேன்.

"ஒட்டாதீங்க, இருங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு மருமகள், பெங்களூரில் வேலைக்குப் போகிற பெண், அன்று லீவு என்பதால் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளை என் மனைவி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். அந்தப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் மனைவி கவரிலிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டி, "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிம்மா" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுப் படித்தாள். நான் கையில் பசை டப்பாவோடு நின்றேன். நான்கு வரியும் இருந்தன. என் மனைவி சொன்னது சொன்னபடியே இருந்தது.

"சரி" என்றாள் என்னிடம். "இப்ப ஒட்டுங்க."